கோமதி தலைப்பு தேடிய குளிர்காலம்

போன சனிக்கிழமை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைபடுவதற்காகக் காத்திருந்தேன். அந்தக் கடையில் எனக்குப் பிடித்ததே அந்தக் காத்திருப்புதான். வாசனையிலேயே பாதி டம்ளர் குடித்த மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், அழாத குறையாகப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மேடம் போல்தீ ஹை, டாபிக் பஹுத் பிராட் ஹை. அவுர் கித்னா நேரோ கரூம்?" தலைப்பு ரொம்ப அகலமாம். இன்னும் எவ்வளவுதான் குறுக்குவது என்கிறாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இந்த வயதில் இது என்ன புத்தி என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் தங்கை கோமதியும் ஒரு குளிர்காலம் முழுக்க இப்படித்தான் தலைப்பைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் நடுவில். நான் திருநெல்வேலியில் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அவள் என் பின்னாலேயே எம்.ஏ.வுக்கு வந்து, பிறகு ஆராய்ச்சிக்கும் இடம் வாங்கிவிட்டாள். பள்ளியில் நான் எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்பதை எந்த வகுப்பில் பெஞ்சு காலியாக இருந்ததோ அதுதான் முடிவு செய்தது. இவளுக்கோ உலகத்தில் உள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லி, எடுக்க ஒரு குளிர்காலத்தையும் கொடுத்திருந்தார்கள். நான் துணி துவைத்துவிட்டு வருவேன். அவள் வெயில் விழும் ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன செய்கிறாய் என்றால், "யோசிக்கேன்க்கா" என்பாள். யோசிப்பது ஒருத்திக்கு வேலையாக இருக்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தோளில் தொங்கிய ஜோல்னாப் பையைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும். சிநேகிதிகள் வேறு அவளை "கோம்தி, கோம்தி" என்று நதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்னை ஆபீஸில் "மேடம் ஜி, ஜல்தி" என்று விரட்டுவார்கள்.

நாங்கள் இருந்தது ஆர்.கே.புரத்தில், அரசாங்க குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்னறையில். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு தஞ்சாவூர் மாமா. சொந்தக்காரர் என்பது தவறு, அரசாங்கம் அவருக்கு ஒதுக்கிய வீடு. அதில் ஓர் அறையை வெளியாளுக்கு விடக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அந்த செக்டரில் விடாதவர்கள் குறைவு. குடிவந்த அன்றே மாமி என்னை உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். "யாரு கேட்டாலும் மாமாவோட மருமாள், அக்கா பொண்ணுன்னு சொல்லிடு. பால்காரன் கேட்டாக்கூட." அவர்களுக்கும் எங்களுக்கும் ஊர் வேறு, சாதி வேறு, சாம்பாரே வேறு. ஆனாலும் நான் அந்த வீட்டு மருமாளாகிவிட்டேன். அந்தத் தெருவில் என்னைப் போல வாடகைக்கு இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் இப்படி ஒவ்வொரு மாமா இருந்தார்.

கோமதி முதலில் கொண்டுபோன தலைப்பு 'டெல்லித் தமிழர்கள்'. வழிகாட்டி ஒரு வங்காளி அம்மா. இதை முடிக்க உனக்கு ஐந்து ஜென்மம் வேண்டுமே என்றாராம். அடுத்த வாரம் அது டெல்லித் தமிழ்ப் பெண்கள் ஆயிற்று. அதுவும் அகலம். வேலைக்குப் போகும் பெண்கள். அதுவும். ஹோலிக்குள் தலைப்பைப் பதியாவிட்டால் இடம் போய்விடும் என்ற நிலை. ஒவ்வொரு தலைப்பையும் ஆபீஸ் முடிந்தபின் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஒரு வேடிக்கை, விஷயம் குறுகக் குறுகத் தலைப்பு நீண்டுகொண்டே போனது. கடைசியில், ஊரிலிருந்து தனியாக வந்து அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத தமிழ்ப் பெண்கள் என்று இரண்டு வரிக்கு வந்து நின்றது. அடித்து முடித்துத் தாளை உருவியபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஏட்டி, இது நானுல்லா?"

"ஆமாக்கா. இத்தன நாளா எனக்குத் தோணவே இல்ல பாரு."

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். என்னைப் பூச்சி மாதிரி பிடித்து ஆராயப் போகிறாளா என்று. மூன்றாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே பதில்களைத் தயார் செய்ய ஆரம்பித்திருந்தேன். அதுவரை யாரும் என்னிடம் நேரம், ஃபைல் நம்பர், கல்யாணம் எப்போது, இந்த மூன்றைத் தவிர எதுவும் கேட்டதில்லை. கூச்ச சுபாவம் என்று பெயர் வாங்கியவளுக்குள்தான் எவ்வளவு பேச்சு கிடந்தது. என் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டிக்கு ஒத்திகை. முதல் ஆள் நான். கோமதி கட்டிலில் எதிரே உட்கார்ந்து, என்னிடம் முதல் தடவையாக 'நீங்க' என்றாள். "நீங்க எங்க தங்கியிருக்கீங்க?" முதல் கேள்வியே அதுதான். கதவுக்கு அந்தப் பக்கம் மாமி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கும் சத்தம் நின்றது.

"மாமா வீட்ல," என்றேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பது அவளுடைய மேடத்தின் கட்டளை. எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் இருந்த மற்ற பெண்களையும் பார்த்துவிட்டு வந்தாள். அத்தனை பேரும் மாமா வீட்டில்தான் இருந்தார்கள்.

மேடம் தாள்களைப் புரட்டிவிட்டு, தமிழ்ப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள், டெல்லியில் எல்லாருக்கும் ஒரு மாமா இருக்கிறாரே என்றாராம். அப்புறம் தனியாக வந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டாராம். உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வீடு போய்விடும். கோமதி வாயைத் திறக்கவில்லை. தலைப்பில் இன்னும் நாலு சொல் சேர்ந்தது: பெண்கள் விடுதிகளில் மட்டும் தங்கியிருப்போர். ஹோலிக்கு முன்னால் பதிவும் ஆகிவிட்டது. அந்த நாலு சொல்லையும் டைப் அடித்தவள் நான். அடித்து முடித்தபோது நான் தலைப்புக்கு வெளியே இருந்தேன்.

"அப்போ எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"ஒங்கிட்ட என்னத்தக்கா கேக்க? ஒன்னைய எனக்குத் தெரியாதா?"

பாசமாகத்தான் சொன்னாள். அதற்கு மேல் என்ன கேட்பது?

பிறகு சரோஜா வந்தாள். கோயமுத்தூர்க்காரி, விடுதியில் இருந்தவள், டெலிபோன் ஆபரேட்டர். கோமதி டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி அவளிடம் வாரக்கணக்கில் பேசினாள். வீட்டில் கேசட்டைப் போட்டுப் போட்டு எழுதுவாள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பேன். டெல்லிக்கு வந்த முதல் நாள் எப்படி இருந்தது என்று கோமதியின் குரல். "பயந்துட்டேன் கண்ணு. அழுகையே வந்திருச்சு" என்று சரோஜா. உடனே கோமதி, "ஐயோ சரோஜாக்கா" என்பாள். அந்த 'அக்கா' அதுவரை எனக்கு மட்டும் சொந்தமாக இருந்த ஒன்று. ஒரு புடவையின் முந்தானையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம் இன்னும் இருக்கிறது. அந்த 'அக்கா'வைக் கேட்டபோது பட்டதுதான்.

ஒருநாள் சரோஜா எங்கள் அறைக்கே வந்தாள். நல்லவள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "கோமதி எத்தன பொறுமையாக் கேக்குது பாருங்க. உங்ககிட்டயும் இப்படித்தான் கேக்குமுங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

கோமதி பட்டம் வாங்கி, பூனாவில் ஆசிரியையாகி, அங்கேயே வீடும் கட்டிவிட்டாள். பழைய வீட்டை அவள் காலி செய்தபோது அந்தக் கேசட்டுகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். "பூசணம் பிடிச்சிட்டுக்கா. தூரப் போட்டுட்டேன்." ஒரு குரல் அப்படியே போய்விட்டதே என்று வருத்தமாகத்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது, மறைப்பானேன்.

இப்போது அந்த குவார்ட்டர்ஸ் வரிசையும் இல்லை. இடித்துவிட்டு உயரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமியும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு ரயிலில் வந்து இறங்கும் பெண்களும் இல்லை. இன்று வருகிறவர்கள் விமானத்தில் வருகிறார்கள், துவாரகா காலனியில் நாலு பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள், கதவில் பெயர் எழுதி வைக்கிறார்கள். எங்களைப் பற்றி யாராவது எழுத நினைத்தாலும் பேச ஆள் கிடைப்பது கஷ்டம்.

நான் டெல்லியில் வந்து இறங்கிய அன்று, அழைத்துப் போக வருவதாகச் சொன்னவர் வரவில்லை. ஸ்டேஷனில் ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரென்று தெரிந்த ஒரு முகம்கூட அங்கே இல்லை. நான் பயப்படவில்லை. எழுந்து பிளாட்பாரத்தின் கடைசிவரை சும்மா நடந்துவிட்டு வந்தேன். அத்தனை சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை. கோமதிக்கு இது தெரியாது.