இராவணன் வெட்டின் கீழே

கோணேசர் கோயில் பாறைக்குக் கீழே எஞ்சினை நிறுத்திக் கும்பிடுவது படகோட்டி சிவராசாவின் வழக்கம். இன்று கும்பிட்டு முடித்த பிறகு எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பிளவை நோக்கி அலை எங்களைத் தள்ளுகிறது. மேலே கோயிலைத் திருத்தியவன் குளக்கோட்டன் என்ற சோழ இளவரசனாம். கோயில் வரலாறு எழுத வந்த என் குறிப்பேட்டில் இருவருக்குமே திகதி இல்லை.

“அண்ணை, இராவணன் எந்தக் காலம்?”

எஞ்சின் கயிற்றை இழுத்தபடி கத்துகிறார். “இது இப்ப பிடிக்காட்டி எங்கட திகதியைத்தான் ஐயா சனம் எழுதும்! துடுப்பை எடுங்கோ!”

துடுப்பால் பாறையை உந்துகிறேன். எஞ்சின் இருமிவிட்டுப் பிடிக்கிறது.

“பாத்தீங்களோ, கோணேசர் காப்பாத்திட்டார்.”

“நிப்பாட்ட வச்சதும் அவர்தானே?”

“ஓம். அவருக்கும் பொழுது போகவேணுமே.”

காலை 9.42 என்று குறித்துக்கொள்கிறேன். இந்தப் பாறையோடு மல்லுக்கட்டியவர்களில் காலம் உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.