முழுகாமல் இருந்தவள்

ரமணி கல்யாணமாகி, கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவுக்கு வந்த எட்டாவது மாதத்தில், அவளுடைய மாமியார் மாரியாயி கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், வீடு வீடாகப் போய் ஒரு சேதி சொன்னாள். "எங்க ரமணி முழுகாம இருக்கா!"

அது 1982. மாதாமாதம் மூன்று நாள் ஒதுங்கியிருந்து, நான்காம் நாள் மஞ்சள் பூசித் தலை முழுகிவிட்டுத்தான் பெண்கள் சாமி அறைக்குள் போவார்கள். ஒருத்தி முழுகவில்லை என்றால் வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது என்று அர்த்தம். வேறு காரணத்தாலும் ஒரு பெண் முழுகாமல் இருக்கக்கூடும் என்று சொல்ல அந்த வீட்டில் வார்த்தையே இல்லை.

ரமணிக்கு வயதுக்கு வந்ததிலிருந்தே அது ஒழுங்காக வந்ததில்லை. ஒரு முறை இரண்டு மாதம் தள்ளும், இன்னொரு முறை நான்கு மாதம் தள்ளும். பெற்ற தாயிடம் சொன்னபோது, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும். வெளிய சொல்லித் தொலைக்காத" என்று வாயை அடைத்துவிட்டாள். அதனால் அவள் புருஷன் சபாபதியிடம்கூடச் சொல்லவில்லை. மாமியார் புளிமாங்காயை நறுக்கி உப்புத் தூவி நீட்டியபோது, ஒருவேளை உண்மையாகவே இருக்குமோ என்று அவளும் நம்பினாள். நம்பிக்கொண்டே தின்றாள்.

நான்காம் மாதம் ஒரு காலையில் வயிற்றைப் பிசைந்து, கட்டி கட்டியாகப் போனது. "கரைஞ்சு போச்சே!" என்று மாரியாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தத் துணியைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

மறு வருஷமும் அப்படியே நடந்தது. 1985-இல் மூன்றாம் முறை. மரத்தடியில் மூன்று இடம் ஆயிற்று. மாரியாயி சுற்றிலும் செங்கல் அடுக்கினாள். "இங்க கால் படக்கூடாது, எச்சித் தண்ணி ஊத்தக்கூடாது" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் செம்பருத்தி பறித்து அங்கே மூன்று பூ வைப்பாள். துணி காயப்போடப் போகும்போது ரமணியும் அந்த இடத்தைப் பார்ப்பாள். மூத்தது இருந்தால் இந்நேரம் நடக்கும், பேசும் என்று மனத்துக்குள்ளேயே மூன்றையும் வளர்த்து வந்தாள்.

நான்காம் முறையும் தங்கியது, கரைந்தது என்ற பேச்சைத் தாங்க அவளால் முடியாது. அதனால் ஒரு காரியம் செய்தாள். கடையில் கொடுத்த காலண்டரில் மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்குத் தானாகவே ஒதுங்கினாள். தனிப் பாயில் படுத்தாள், துணியை வெறுமனே நனைத்துக் கொடியில் மறைவாகப் போட்டாள், நான்காம் நாள் தலை முழுகினாள். வராத ஒன்றுக்காக மூன்று வருஷம் முழுகினாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கிள்ளானில் ஒரு டாக்டரிடம் மாமியார் அழைத்துப் போனபோதுதான் அந்தப் பொய் அவளைக் கட்டிப்போட்டது. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாரியாயியே பதில் சொன்னாள். "மாசம் தவறாம முழுகுறா டாக்டர். அதுல ஒரு கொறையும் இல்ல. மூணு புள்ள தங்குச்சு, மூணும் கரைஞ்சு போச்சு." டாக்டர் அதை அப்படியே அட்டையில் எழுதினார். கர்ப்பப்பை பலவீனம் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். ரமணி மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் உடம்பு பெருத்தது. என்ன தேய்த்தாலும் கழுத்தைச் சுற்றியிருந்த கறுப்பு போகவில்லை. மோவாயில் முடி முளைத்தது. மேருவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அங்கே முகமூடி கட்டிக்கொள்வதால் பகல் பொழுது தப்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில்தான் அதை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

"நம்ம சூப்பர்வைசருக்கு இருக்கறத விட ரமணிக்கு நல்லா இருக்கு லா!" என்றாள் ஒருத்தி ஒருநாள்.

"ஆமாவா? ஒனக்கு எங்க நல்லா இருக்குன்னு நான் சொல்லட்டுமா?" என்று அவள் வாயை அடக்கியது வீரம்மா. அச்சிலிருந்து கையுறைகளை உருவும் வரிசையில் ரமணிக்குப் பக்கத்தில் நிற்பவள். அன்று மாலை பஸ் நிற்கும் இடத்தில் வீரம்மா கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. பேட் வேணும்னு நீ யார்கிட்டயும் கேட்டதே இல்லையே. ஒனக்கு மாசாமாசம் வருதா?"

பதினைந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை ரமணியிடமே நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ரமணி அழுதுவிட்டாள்.

"எங்க சின்னம்மா மகளுக்கும் இப்படித்தான். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க, சிலோன்காரங்க. எம்.சி. லீவு போட்டுட்டுத் தனியா போ. மாமியார இழுத்துக்கிட்டுப் போகாத."

போக வேண்டிய அவசரமும் அவளுக்கு இருந்தது. சுங்கை பூலோவில் இருக்கும் மாரியாயியின் தம்பி பழனியப்பனுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகள். சபாபதிக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கும் பேச்சு தீபாவளியிலிருந்து நடந்துகொண்டிருந்தது. சபாபதி போர்ட் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டுபவன். நல்லவன், ஆனால் அம்மாவிடம் வாய் திறக்க மாட்டான். "அதெல்லாம் சும்மா பேச்சு, விடு" என்று ரமணியிடம் சொல்வான். பேச்சை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் மட்டும் சொல்லமாட்டான்.

பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் மீனலோசனி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, இரும். எத்தினை நாளைக்கு ஒருக்கா வருது?"

"மாசாமாசம்..." என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"எனக்குப் பொய் சொல்லி உமக்கு என்ன லாபம்?"

ரமணி எல்லாவற்றையும் சொன்னாள். முழுகியது, முழுகாதது, முருங்கை மரம், எதையும் விடவில்லை. கடைசியில் டாக்டர், "அந்த மூண்டு தரமும் யாராவது சிறுநீர் சோதிச்சவையளோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

இரத்தம் எடுத்தார்கள். வயிறு வெடிக்கும் அளவு தண்ணீர் குடிக்கச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். "அதுவரைக்கும் ஒரு மாத்திரையும் வேண்டாம். உண்மையா வாற நாளை மட்டும் எழுதி வையும். இனி நடிக்க வேண்டாம், என்ன?"

ரமணி சொன்ன பேச்சைக் கேட்டாள். அந்த மாதம் ஒதுங்கவில்லை. அடுத்த மாதமும் முழுகவில்லை.

ஆறு வாரம் கழித்து ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். சினைப்பை இரண்டிலும் ஓரமாகக் கறுப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. "மாசத்துக்கு ஒரு முட்டை முத்தி வெளிய வரவேணும். உமக்கு எல்லாம் பிஞ்சிலேயே நிக்குது. இதுக்குப் போலிசிஸ்டிக் ஓவரி எண்டு பேர். முடி, உடம்பு, கழுத்துக் கறுப்பு எல்லாம் இதாலதான். உம்மிலை ஒரு பிழையும் இல்லை."

ஒரு பிழையும் இல்லை என்பதைக் கேட்டு ரமணிக்கு நெஞ்சு லேசானது. அடுத்த கேள்வியை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்ப அந்த மூணு புள்ளைங்க?"

டாக்டர் படத்தை மேசைமேல் வைத்தார். "நூத்துக்கு நூறு எண்டு சொல்ல ஏலாது. ஆனா என்ர மனசுக்கு, அதுகள் பிள்ளையள் இல்லை. மாசக்கணக்காத் தங்கின ரத்தம் ஒரேயடியாப் போயிருக்கு."

மாத்திரை இருக்கிறது, சிலருக்குப் பிள்ளை தங்கும், சிலருக்குத் தங்காது, இரண்டு மூன்று வருஷம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். ரமணியின் காதில் பாதிதான் விழுந்தது. வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். நினைத்து அழுவதற்குக்கூட இனி யாரும் இல்லை என்று தோன்றியது.

வீட்டு வாசலில் மாரியாயி காத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு தட்டில் நறுக்கிய மாங்காய்.

"எங்கடி போய்ச் சுத்திட்டு வர்ற? இந்த ஒடம்போட பஸ்ல குலுங்கலாமா? ரெண்டு மாசமா முழுகல, நான் கவனிக்கலன்னு நெனச்சியா? பழனியப்பனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஒன் மகளுக்கு வேற எடம் பாருடா, என் மருமக முழுகாம இருக்கான்னு."

இன்னும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று ரமணிக்குத் தெரியும். சுங்கை பூலோ பெண்ணுக்கு அதற்குள் வேறு இடம் அமைந்துவிடலாம். பிறகு நாலாவது குழி. நாலாவது செம்பருத்தி. அவள் மாங்காய்த் தட்டைப் பார்த்தாள்.

"இல்ல அத்தே. இது அது இல்ல."

"சீ, நல்ல நேரத்துல என்ன பேச்சு!"

"டாக்டர்கிட்ட போய்ட்டுத்தான் வரேன். எனக்கு இது ஒரு வியாதி அத்தே. வராமலே இருக்கும். மூணு வருஷமா நான் முழுகினதெல்லாம் பொய்."

மாரியாயி தட்டை வாசல்படியில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த மூணு?"

"அதுவும் புள்ள இல்லையாம்."

ஒரு முறை தங்கிக் கரைந்தவளுக்கு மறுபடியும் தங்கும் என்ற நம்பிக்கையில்தான் மாரியாயி ஆறு வருஷம் அவளைப் பொறுத்திருந்தாள். தங்கவே இல்லை என்றால் அவள் வேறு ஆள். அது மாரியாயியின் கண்ணிலேயே தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் போன் சுற்றும் சத்தம் கேட்டது.

"பழனியப்பா, அக்கா பேசறேன். காலையில சொன்னத விடு. எனக்குத் தப்பாத் தெரிஞ்சிடுச்சு."

சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வந்த சபாபதியிடம் ரமணி படத்தைக் காட்டினாள். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். "போலி... என்னா?" என்றான். அவள் திருப்பிச் சொன்னாள். அவனுக்கு வாயில் நுழையவில்லை. "மருந்து இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு. ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம். நீங்க அத்தைகிட்ட ஒரு வார்த்த சொன்னா..."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல அம்மா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் காலையில் ரமணி முதல் மாத்திரையை விழுங்கிவிட்டுத் துணி காயப்போடப் பின்பக்கம் போனாள். மாரியாயி பாசார் சந்தையிலிருந்து வாங்கி வந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்ததும் செதிலும் இரத்தமுமாகக் கலங்கிய தண்ணீரைப் பேசின் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். எப்போதும் போல வாய்க்கால் பக்கம் போகவில்லை. நேராக முருங்கை மரத்தடிக்குப் போய், செங்கல்லுக்கு நடுவே ஊற்றினாள். காலால் ஒரு செங்கல்லை ஒதுக்கிவிட்டு, பேசினை உதறிக்கொண்டு, ரமணியைப் பார்க்காமலே உள்ளே போனாள்.