மேலே என்றால் நிற்கும்

மெஷினில் சூடேறிய தோல்பட்டையின் நாற்றமும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தூசி வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இத்தனை வயசுக்கப்புறமும் நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். நான் ஐந்தாவது முடித்து, மேலே படிக்க வழியில்லாமல் அம்மாவோடு திண்டிவனம் மண்டிக்கு வேலைக்குப் போன வருஷம்தான், அதுவரை பெண்கள் கையால் உடைத்துக்கொண்டிருந்த மல்லாட்டையை உடைக்க அங்கே "கரண்டு மெஷின்" வந்து இறங்கியது.

மெஷினுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் ஒரு கைப்பிடி, மேலேயும் கீழேயும் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. "பொம்பளைங்க யாராவது அதுல கைய வெச்சீங்க, அன்னியோட வேலை இல்ல" என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டதால், எந்தப் பக்கம் இழுத்தால் ஓடும், எந்தப் பக்கம் இழுத்தால் நிற்கும் என்று நாங்கள் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. எங்கள் வீடுகளில் இருந்ததெல்லாம் அரிக்கேன் விளக்குதான். திரியை "ஏத்து" என்றால் வெளிச்சம், "எறக்கு" என்றால் இருட்டு.

ஒரு நாள் மத்தியானம் கரண்டு போய் மெஷின் நின்றது. மேஸ்திரி கைப்பிடியில் ஏதோ செய்துவிட்டு டீ குடிக்கப் போனார். உள்ளே மல்லாட்டைத் தோல் அடைத்திருந்ததால் அம்மா குந்தி உட்கார்ந்து, மெஷின் வாய்க்குள் கையை விட்டு வார ஆரம்பித்தாள். பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த அஞ்சலையக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியே, உங்கம்மா கைய வுட்டுக்கினு இருக்கா, நீ பராக்கு பார்த்துக்கினு நிக்கிற. கரண்டு வந்துட்டா இன்னா ஆவறது? கைப்பிடி மேல தூக்கிக்கினு இருக்குது பாரு, ஜல்தியா எறக்கு!"

"மேஸ்திரி திட்டுவாரேக்கா."

"அந்தாளு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உன் கல்யாணமே முடிஞ்சிடும், எறக்குடி!"

அம்மாகூடச் சிரித்தாள். நான் எக்கி, இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். அம்மாவுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு பெருமை. கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது.

அம்மா கத்தினாளா என்று எனக்கு நினைவில்லை. அஞ்சலையக்கா கத்தியது நினைவிருக்கிறது. ஓடி வந்த மேஸ்திரி கைப்பிடியை மேலே தள்ளினார், மெஷின் நின்றது. மேலே! மேலே தள்ளினால் நிற்கும் என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"நான் நிறுத்தி வெச்சிட்டுத்தானே போனேன், எவ இத கீழ இழுத்தவ?" என்று மேஸ்திரி அலறினார். புடவைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, "நான்தாங்க, எட்டி இழுத்துட்டேன்" என்றாள். அஞ்சலையக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "படிக்காத சனங்க நடுவுல மெஷின வெச்சா இப்படித்தான்" என்றார் முதலாளி.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "அங்க நான் நின்னிருந்தாலும் கீழதான்டி இழுத்திருப்பேன்" என்றாள். "ஓடுதா நிக்குதான்னு பார்த்தா தெரிய வாணாமா? தெரியலன்னா அது இன்னா கைப்பிடி?" அதோடு சரி, அதைப் பற்றி அப்புறம் எங்களுக்குள் பேச்சே இல்லை.

அந்த மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். அம்மாவும் இல்லை, அஞ்சலையக்காவும் இல்லை. விழுப்புரத்தில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் புது கேஸ் அடுப்பில் நாலு திருகு. எந்தத் திருகு எந்த அடுப்புக்கு என்று ஒரு குறியும் கிடையாது. நேற்று மருமகள் பால் அடுப்பை நிறுத்துவதாக நினைத்து வேறொன்றைத் திருப்ப, காலி அடுப்பில் கேஸ் உஸ்ஸென்று வந்தது. மூடிவிட்டு, "நான் ஒரு மக்கு அத்தை" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகியும், குறியில்லாமல் அந்த அடுப்பைச் செய்தவனை விட்டுவிட்டு, தொட்டவள்தான் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

"நீ மக்கு இல்லம்மா" என்றேன். மேலே சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அந்தக் கைப்பிடியை இழுத்தது என் அம்மா இல்லை, நான்.