டோபிக் கடையில் படித்த புவனா அக்கா

முதலில் என் கண்ணில் பட்டது கூடைதான். ஒரு பக்கக் கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் சிவப்பு நைலான் கயிறு கட்டிய நீலக் கூடை. சனிக்கிழமை பிற்பகல், அது வர வேண்டிய நேரம்தான். ஆனால் கயிற்றைப் பிடித்திருந்தது ஓர் ஆணின் கை.

வெளியே நல்ல மழை. மழை நாளில் ஈப்போவில் பாதிப் பேர் ஈரத் துணியோடு எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். காசு போட்டால் மெஷினே துவைத்து, காய வைத்துக் கொடுக்கும் டோபிக் கடை அது. துணி மடித்துக் கொடுப்பதும் கடையைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. கூடையோடு வந்தவர் கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, இங்க ஒரு டீச்சர் இருப்பாங்களாமே. சனிக்கிழமயானா எங்கக்கா அவங்ககிட்டதான் இங்கிலீஷ் படிக்க வரும்."

"இங்க டீச்சர் யாரும் இல்லண்ணே."

"எக்ஸாமினர், எக்ஸாமினர்னு சொல்லும். ரொம்பக் கண்டிப்பாம். கெஞ்சினாலும் மார்க் போட மாட்டாங்களாம்."

மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தேன். "அது நான்தாண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். சிரிப்பு வருவதுபோல உதடு அசைந்து அப்படியே கோணிக்கொண்டது. "அக்கா போயிடுச்சு தங்கச்சி. புதன்கிழம. டெங்கிக் காய்ச்சல். டீச்சருக்குச் சொல்லணும், டீச்சருக்குச் சொல்லணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. யாருக்கும் நம்பர் தெரியல."

அவர் கதிரண்ணன், புவனா அக்காவின் தம்பி. கூடைக்குள் இருந்தவை துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்த விரிப்புகள். அவற்றை வாங்கி ஆறாம் எண் மெஷினில் போட்டேன். அக்கா எப்போதும் போடுகிற மெஷின் அது.

புவனா அக்காவை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் உடன் வேலை பார்த்திருப்பீர்கள். ஒரே தோட்டத்தில் வளர்ந்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை அக்காவை மட்டும்தான். அந்த அக்காவைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கதிரண்ணன் கேட்டார். எனக்குப் பேச வராது என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியவர். அடுத்ததாக மனநல ஆலோசனையில் முதுகலை படிக்க ஆசைப்பட்டார். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாகவும் சொல்லிவிட்டது. ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும் என்பது மட்டும் பாக்கி. பேசுவது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறியவர், வாசிப்பில் மட்டும் இரண்டு முறை விழுந்தார். இன்னொரு முறை விழுந்தால் இந்த வருட இடம் போய்விடும். முப்பத்து நான்கு வயதில் இன்னொரு வருடம் காத்திருக்க அக்காவால் முடியாது என்பதில்லை. "அடுத்த வருஷம் எனக்கே ஆச இருக்குமான்னு தெரியல லா," என்றுதான் சொன்னார்.

வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் யாராவது ஒரு வேலை சொல்வார்கள். மெஷின் ஓடும் வரை யாரும் கூப்பிட முடியாது என்பதால் எங்கள் கடைக்கு வந்து படித்தார். துணி காய்வதற்குள் ஒரு பத்தியை வாசித்து, கேள்விகளுக்கு விடை எழுதி முடிக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. தேர்விலும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் கிடைக்குமாம். முதல் நாளே, சரியான விடைகள் அச்சிட்ட விடைத்தாளை என் கையில் திணித்தார்.

"இத நீ புடிச்சுக்க. எங்கிட்ட இருந்தா பாத்துடுவேன்."

"நானா?"

"நீதான் எக்ஸாமினர். மொகத்தப் பாத்தாலே தெரியுது, லஞ்சம் வாங்க மாட்ட."

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். பின்வரிசையில் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். என்னை யாராவது எக்ஸாமினர் என்று கூப்பிடுவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

விடை திருத்திய பிறகு அக்கா கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசித்ததைத் தமிழில் எனக்குச் சொல்வார். எனக்குப் புரிந்தால் அவருக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தமாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு நாள் திமிங்கலங்களைப் பற்றிய பத்தி. சொல்லிக்கொண்டே வந்தவர், குரல் மாறாமல், "அப்பறம் திமிங்கலம் மரத்துல ஏறி முட்ட போடும். சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். அக்கா சிரித்த சிரிப்பில் கடை முதலாளி தவுக்கே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அடிக், இனி லைப்ரரி கா?" என்று மலாயில் கேட்டார், இது என்ன நூலகமா என்று.

"இனிமே புரியலன்னா புரியலன்னு சொல்லு," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாத்துக்கும் நீ தலையாட்டினா நான் மறுபடியும் விழுந்துடுவேன்."

அடுத்த வாரம் முதல் "புரியல" என்று சொல்லிப் பழகினேன். ஒவ்வொரு முறையும் அக்கா தாளை எடுத்து மறுபடி வாசிப்பார். என்னுடைய ஒரு சொல்லுக்காக இன்னொருவர் திரும்பிப் போய்ப் பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது. தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடும் பழக்கம் அக்காவுக்கு முன்பு இருந்ததாம். "அது கேட்டு வாசல்ல படுத்திருக்கிற நாய் மாதிரி எக்ஸாமினர். நின்னு மொறச்சா கொலைக்கும். கண்டுக்காம நடந்தா அது பாட்டுக்குப் படுத்துக் கெடக்கும்," என்பார். அதை எங்கும் படித்திருக்க மாட்டார். தோட்டத்து நாய்களிடம் கற்றதாகத்தான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வகைக் கேள்வியில் மட்டும் அக்கா தொடர்ந்து தவறினார். ஒரு கூற்றைக் கொடுத்து, பத்தியின்படி அது சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பார்கள். ஒரு சனிக்கிழமை ரப்பரைப் பற்றிய பத்தி வந்தது. அக்காவுக்கு ஒரே குஷி. "போச்சு போ, இன்னைக்கு முழு மார்க்கு! எங்கம்மா பால்மரம் வெட்டி வளத்த புள்ள நான்," என்று பேனாவைத் திறந்தார். துணி காய்வதற்கு வெகு முன்பே எழுதி முடித்துவிட்டார்.

அக்கா எழுதியதை விடைத்தாளோடு ஒப்பிட்டேன். மழை நாளில் பால் வெட்டுவதில்லை என்று ஒரு கூற்று. அக்கா 'சரி' என்று போட்டிருந்தார். வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே வேலைக்குப் போனார்கள் என்று இன்னொன்று. அதற்கும் 'சரி'.

"ரெண்டும் தப்புக்கா. சொல்லப்படவில்லைன்னு போட்டிருக்கு."

"மழையில எவன் லா பால் வெட்டுவான்? மரம் நனஞ்சா பாலு மங்குக்குள்ள விழாது, பட்டையில ஓடிடும். மழ வந்துட்டா எங்கம்மா வாசல்லயே நின்னு வானத்தப் பாத்துக்கிட்டிருப்பாங்க. அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. நாலு மணிக்கு எந்திரிச்சு பெரட்டுல போய் நின்னு பேர் குடுத்தவங்க பொண்ணு எங்கிட்ட வந்து தப்புங்கிறியா?"

என் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. ஆனால் தாள் என் கையில் இருந்தது. கேள்வித்தாளையும் எடுத்து, பத்தி முழுவதையும் மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"பத்தியில இல்லக்கா."

ஒருவரை எதிர்த்து நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். விதை கடல் கடந்து வந்தது இருந்தது. மரம் எத்தனை வருடம் பால் தரும், பாலை எப்படிப் பதப்படுத்துவார்கள் என்பதெல்லாம் இருந்தது. மழை இல்லை. விடியற்காலை இல்லை. வெட்டியவர்கள் யாரும் இல்லை.

அக்கா பத்தியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். மெஷின் நின்று, ஓசை கொடுத்து ஓய்ந்தது. பிறகு சொன்னார்: "செருப்ப வெளிய விடற மாதிரி, தெரிஞ்சதெல்லாம் வெளிய விட்டுட்டுதான் இந்தப் பத்திக்குள்ள போகணும் போல. பரீட்ச முடிஞ்சு வெளிய வந்து மறுபடி மாட்டிக்கலாம்."

எதற்காக அந்தப் படிப்பு என்று ஒரு முறை கேட்டேன். "அது பத்தியில இல்ல லா," என்று முதலில் கிண்டல் செய்தார். அப்புறம் துணியை மடித்துக்கொண்டே, "பள்ளிய விட்டு நிக்கிற புள்ளைங்க எங்க ஆபீஸுக்குக் கடிதம் வாங்க வரும். நான் சீல் அடிச்சுக் குடுப்பேன். ஏன் நிக்கிறன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. கேட்டாலும் அதுங்க பேசாது. பேசற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கணும். அதுக்கு ஒரு படிப்பு இருக்காம்," என்றார். நான் ஏன் நின்றேன் என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை. சனிக்கிழமைதோறும் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சனிக்கிழமை அந்த வகைக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் சரியாக எழுதினார். தேர்வு அடுத்த மாதம். எதிர்க் கடையில் தௌஃபூஃபா என்கிற சோயா இனிப்பு வாங்கி வந்து, நின்றபடியே இருவரும் சாப்பிட்டோம். தலை லேசாக வலிக்கிறது, மழையில் நனைந்ததால் இருக்கும் என்றார். ரப்பர் பத்தித் தாளை என்னிடம் கொடுத்து, "பரீட்ச முடிஞ்சதும் எடம் மாத்திக்கலாம். நீ வாசிச்சுச் சொல்லு, நான் எக்ஸாமினர். நானும் கண்டிப்புதான், பாத்துக்க," என்றார். நான் வாசித்து வைத்திருந்தேன். மறு சனிக்கிழமை வந்தது கூடைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கதிரண்ணன் என்னை அழைத்துப்போனார். சுங்கை சிப்புட் போகும் வழியில் வீடு. முன்பு ரப்பர் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. டீச்சருக்கென்று ஒரு நாற்காலி தனியாகப் போட்டிருந்தார்கள். சேலை கட்டிய யாரோ வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் அம்மா, என்னைக் கண்டு மகனைப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாவா?"

"இவங்கதாம்மா."

"ரொம்பக் கண்டிப்புன்னாளே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரென்ன கண்ணு?"

"யமுனா."

என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அம்மா கீழே பாயில் உட்கார்ந்தார். "வாராவாரம் வருவா, கூடைய வெச்சிட்டு நேரா அடுப்படிக்குப் போயிடுவா. அங்க என்னதான் படிச்சான்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னதில்ல. நான் கேட்டதும் இல்ல. நீ சொல்லு கண்ணு."

வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பள்ளியில் எழுந்து நின்றதுபோல இருந்தது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். அக்கா செய்வதுபோலக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு காலத்தில் இந்த மரம் இந்த நாட்டில் இல்லை என்று தொடங்கினேன். விதை கடல் கடந்து வந்ததைச் சொன்னேன். மரத்தின் வயதை, பாலைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழ பேஞ்சா வெட்ட மாட்டோமே," என்றார், நான் முடித்ததும். "அத எழுதலியா?"

"இல்லம்மா. பத்தியில இல்ல."

"நாங்க விடியறதுக்குள்ள போவோமே. அது?"

"அதுவும் இல்லம்மா."

அம்மா வாசலுக்கு வெளியே செம்பனைகளைப் பார்த்தார். அக்காவின் மதிப்பெண் என்னவாக இருந்திருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது. பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளின் பக்கத்தில் அவர் உட்கார நினைத்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்பதும் தெரியாது. எனக்கென்று அவர் விட்டுச்சென்றது, ஒருவர் பேசும் வரை பக்கத்தில் இருக்கும் அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

தாளைப் பைக்குள் வைத்தேன். நாற்காலியிலிருந்து இறங்கி, பாயில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றேன்.