நீனோவுக்கு நான் சொன்ன மறுமொழி

பலேர்மோவில் தினமும் காலையில் படியேறும்போது ஒருத்தி எனக்குப் புரியாத சொல்லொன்றைச் சொல்வாள். நானும் வெட்கமில்லாமல் மறுமொழி சொல்வேன். தொண்ணூறுகளின் கடைசியில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். இரண்டாம் மாடியில் ஜோர்ஜியாக்காரி நீனோ ஒரு முதிய வீட்டுக்கார அம்மாவை, சிஞ்ஞோராவை, பராமரித்தாள். மூன்றாம் மாடியில் நான் துப்புரவு வேலை. "கெனத்ஸ்வாலே" என்பாள். இத்தாலியனில் 'வாலே' என்றால் செல்லுபடியாகும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி செல்லுமா செல்லாதா என்று அலைந்தே எங்கள் இலங்கை ஆட்களுக்குப் பாடமான சொல் அது. இவளும் 'எல்லாம் சரிதானே' என்கிறாளாக்கும் என்று, "வாலே, வாலே" என்றுவிட்டுப் போவேன்.

நான் காய்ச்சலில் கிடந்த கிழமை, என் வேலையையும் அவளே செய்து என் இடத்தைக் காப்பாற்றினாள். பதிலுக்கு ஒரே ஒரு தடவைதான் உதவி கேட்டாள். ஞாயிறு பின்னேரம் திபிலிசியில் அவளுடைய மகள் அயல்வீட்டுத் தொலைபேசியடியில் காத்திருப்பாளாம். அவளுடைய உடைந்த இத்தாலியனை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"ரெண்டு மணித்தியாலம் எனக்குப் பதிலா சிஞ்ஞோராவோட இருக்கிறியே?"

"ஐயோ, கோயில்ல அலுவல் இருக்கு."

கோயிலுமில்லை, குளமுமில்லை. பிள்ளைகளோடு மொண்டெல்லோ கடலில் குளித்துக்கொண்டிருந்தேன். அவளால் மகளோடு கதைக்க முடியாமற் போயிற்று.

மறுநாள் கோபமேயில்லாமல் அதே சொல்லைச் சொன்னாள். மனம் குறுகுறுக்க, முதன்முறையாக அர்த்தம் கேட்டேன். அவள் தன் ஊரில் இலக்கணம் படிப்பித்தவள். முகம் மலர்ந்து என்னைப் படியில் இருத்திவைத்தாள். 'நத்ஸ்வாலி' என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். அந்த வேரில் பிறந்த வினைச்சொல்லாம் இது: உனக்குப் பதிலாக நான் ஆவேனாக. நோயாளியின் கட்டிலடியில் நின்று, இந்த நோய் எனக்கு வரட்டும் என்று மன்றாடிய காலத்துச் சொல். வரவரத் தேய்ந்து, இப்போது நாங்கள் 'ராசாத்தி' என்பதுபோல் எல்லோருக்கும் சொல்கிறார்களாம்.

உன் கஷ்டம் எனக்கு வரட்டும் என்று அவள் தினமும் சொல்ல, நான் 'சரி, சரி' என்றிருக்கிறேன்! கூனிக்குறுகிப் போனேன்.

"உங்கட பாசையில இதுக்கு என்ன சொல்லுறனீங்கள்?"

இருக்கிறதே. மன்னாரில் எனக்குச் சின்னமுத்து அம்மை வந்தபோது அம்மா சொன்னாள்: "உன்ர வருத்தமெல்லாம் எனக்கு வரட்டும், பிள்ளை." அதை எந்த வாயால் நீனோவுக்குச் சொல்வது?

"அப்பிடி ஒரு சொல் எங்களிட்டை இல்லை" என்றேன்.

நீனோ என் கன்னத்தைத் தடவினாள்.

"பாவம், உங்கட சனம்" என்றாள்.