செண்பகத்தின் ஸ்பீக்கர்

மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில் செண்பகத்திடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. கேஸ் ஆட்டோவை விற்றுக் கரண்ட் ஆட்டோ வாங்கியபோது, பழைய வண்டியிலிருந்து ஒரு சாமானை மட்டும் கழற்றிக்கொண்டாள். சோற்றுத் தட்டு அகலத்துக்கு மூடியில்லாத ஒரு ஸ்பீக்கர். தெருவே கேட்கட்டும் என்று அதன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி, வலதுகைப் பிடிக்கு முன்னால் கண்ணாடிச் சட்டத்தில் கம்பியால் கட்டினாள்.

அப்புறம்தான் ஏழரை ஆரம்பித்தது. ஸ்டாண்டுக்குள் இடதுபக்கம் திருப்பும்போது வண்டி தானாகப் பாய்ந்தது. ஒருநாள் மெஹபூப் அலியின் ஆட்டோவில் மோதிப் பின்விளக்கை உடைத்தது. புது விளக்கு வாங்கி மாட்டிக் கொடுத்தாள். ஆனாலும் ஸ்டாண்டுத் தலைவர் ரகுபதி விடவில்லை.

"பொம்பளைக் கைக்கு இந்த வண்டி நிக்காதும்மா. இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா ஸ்டாண்ட்ல உனக்கு எடம் கெடயாது."

"நான் ஆக்ஸிலேட்டர முறுக்கவே இல்லண்ணே! அதுவா பாயுது!"

எல்லோரும் சிரித்தார்கள். எப்படி எரியும், சொல்லுங்கள்!

கிண்டியில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். வண்டியில் கண்டதைக் கட்டியிருந்தால் வாரண்டி போய்விடும் என்று பயந்து, போகும்முன் ஸ்பீக்கரைக் கழற்றி வீட்டில் வைத்தாள். அங்கே வண்டி பசுமாடு மாதிரி நின்றது. திரும்பி வந்து ஸ்பீக்கரைக் கட்டினாள், மறுபடி பாய்ந்தது. இரண்டாம் முறையும் இதே கூத்து. அப்போதுதான் பொறி தட்டியது. வாரண்டி போனால் போகட்டும் என்று மூன்றாம் முறை ஸ்பீக்கரோடு போனாள்.

மெக்கானிக் ஷோயப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, கைப்பிடிக்குள்ள சின்னக் காந்தம் கீது. நீ எவ்ளோ முறுக்குறேன்னு அத்த வெச்சுத்தான் சென்சார் கண்டுக்குது. லெஃப்ட்ல திருப்புனா பிடி உன் ஸ்பீக்கர்கிட்ட போவுது. ஸ்பீக்கர் முதுகுல இம்மாம் பெரிய காந்தம்! முறுக்காமயே முறுக்குனேன்னு சென்சார் நெனச்சுக்குது."

வேறு யாராயிருந்தாலும் ஸ்பீக்கரைக் கடாசிவிட்டுக் கமுக்கமாக இருந்திருப்பார்கள். செண்பகமா? அதே கோலத்தில் ஸ்டாண்டுக்கு ஓட்டி வந்து, எதிரே ஆளில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

"ரகுபதிண்ணே, நீ ஏறு. ஆம்பளைக் கைதானே? முறுக்காம லெஃப்ட்ல திருப்பு."

அவர் இளித்துக்கொண்டே ஏறித் திருப்பினார். வண்டி ஒரே பாய்ச்சல். "ஐயோ" என்று அலறி பிரேக்கை மிதித்தார். மெஹபூப் அலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

செண்பகம் காந்த விவரத்தைச் சொன்னாள். ரகுபதிக்கு மீசையில் மண் ஒட்டக் கூடாதே. "அப்போ ஸ்பீக்கரக் கட்டுன உன் தப்புதானே?"

"ஆமா, என் தப்புதான். கட்டுனது நான்தான். ஆனா முறுக்கலன்னு சொன்னேன், முறுக்கல. பொம்பளைக் கையப் பத்திப் பேசுனியே, அதுக்கு இன்னா சொல்ற?"

செண்பகம் கம்பியை அவிழ்த்து, ஸ்பீக்கரைப் பின்சீட்டுக்குப் பின்னால் கட்டினாள்.

"எறங்குண்ணே. அடுத்த சவாரி என்னுது."