தம்பி சாகாத சனிக்கிழமை

எனக்கு ஹிந்தி தெரியும் என்று எங்கள் ஒழுங்கையில் வெகுகாலமாக ஒரு பேச்சு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலில் வருகிற இந்தியக்காரரோடு ஹிந்தியில் கதைப்பார். "நாப்பது வருசம் அந்த மனிசனோடை இருந்தனான். அவரின்ரை இருமல் எனக்குத் தொத்தினது. ஹிந்தி மட்டும் தொத்தாதோ?" என்று கேட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

உண்மையில் எனக்கு ஐந்து சொல்தான் தெரியும். அம்மா, தம்பி, இரத்தம், சத்தியம், வா. சண்டைப் படம் பார்க்க அதுவே தாராளம். மீதியை வாத்தியக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். புல்லாங்குழல் ஊதினால் தாய் வருகிறாள். மேளம் நெஞ்சில் இடித்தால் வில்லன் வருகிறான். காற்றடித்து மண் பறந்தால் கதாநாயகன் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறான். மழை பெய்தால் அடிபாடு. கதாநாயகி இடைவேளைக்குப் பிறகு எங்கே போனாள் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டு வந்தால் அவளும் வருவாள்.

இந்தப் பொய்க்குக் காரணம் எழுத்து. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துத் தெரியாதவள் அல்ல. எழுத்து நின்றால் வாசிப்பேன். பஸ் நின்றால் அதன் பலகையை வாசிப்பேன். இதையும் நானேதான் எழுதுகிறேன், நாலு கிழமையாக. ஆனால் ஹிந்திப் படத்துக்குக் கீழே ஓடுகிற தமிழ் எழுத்து ஒருவருக்காகவும் நிற்பதில்லை. முதல் சொல்லை நான் பிடிப்பதற்குள் இரண்டு பேர் செத்துவிடுவார்கள். அதை நாலு பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்வதைவிட, ஹிந்தி தெரியும் என்பது மரியாதையாகப் பட்டது. "எழுத்து படத்தை மறைக்குது, எடுத்துவிடு" என்று சொல்லிவிடுவேன்.

சொல்வது என் மச்சாளிடம். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. ஓர்ஸ் ஹில்லில் என் மகளுடைய வீட்டில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுக்கிறோம். அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அதனால் ரிமோட் அவள் கையில். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுத்து எதைக் கண்டாலும் உரத்து வாசிப்பாள். கல்யாணக் கார்ட், சவர்க்காரப் பெட்டி, மருந்துப் போத்தல், மரண அறிவித்தல், எதுவும் தப்பாது. "பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஏன் கத்துறாய்?" என்றால், "படிச்சது மறந்துபோகக் கூடாதெல்லோ மச்சாள்" என்பாள். படத்திலும் அதே கதைதான். நான் எடுக்கச் சொன்ன எழுத்து பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். "கை பட்டிட்டுது" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குவாள். படிப்பைக் காட்டுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். அவள் வாசித்தது என் காதில் விழுந்து, அதைக் கொண்டு நான் மற்றவர்களுக்குக் கதை சொன்னது வேறு விஷயம்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முன்வீட்டு அக்கா வந்துவிடுவார். அவர் வேதக்காரர். கதாநாயகன் தனியாக இருபது பேருக்கு நடுவில் நின்றால் செபமாலையைக் கையில் எடுப்பார். இதுவரை அவர் செபித்த ஒருவனும் தோற்றதில்லை.

எங்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது. ஒருமுறை திரையில் ஒரு தாய் சாகும்போது நாங்கள் மூவரும் வாயில் ரோல்ஸை வைத்துக்கொண்டு அழுதோம். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து படத்தில் நல்லவர் யாராவது சாகப்போனால் தேத்தண்ணீர் ஊற்றக்கூடாது. சவம் எடுத்து, சோகப் பாட்டு முடிந்த பிறகுதான் கோப்பை கைக்கு வரும். யார் சாகப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்வது ஹிந்தி தெரிந்த என் பொறுப்பு.

இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்வளவு வீட்டுக்குக் கிண்ணியா ஊரிலிருந்து ஒரு பிள்ளை குடிவந்தாள். பிள்ளை என்றாலும் வயது ஐம்பது இருக்கும். குவைத்தில் ஒரு வீட்டில் பதின்மூன்று வருடம் வேலை செய்தவள். அந்த வீட்டில் சமையல்காரன் இந்தியக்காரன், சாரதியும் இந்தியக்காரன். அவளுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. முன்வீட்டு அக்கா அவளை எங்கள் பின்மதிலுக்கு மேலால் கூப்பிட்டே விட்டார்.

"சனிக்கிழமை வாங்கோ பிள்ளை. இஞ்சையும் ஹிந்தி தெரிஞ்ச ஆள் இருக்கிறா. ரெண்டு பேரும் கதைக்கலாம்."

அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹிந்தி போனால் போகட்டும். அதோடு என் எழுத்தின் சங்கதியும் வெளியே வந்துவிடும் என்பதுதான் பயம்.

சனிக்கிழமை அவள் ஒரு தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்து, "நீங்கதானா அம்மா ஹிந்தி தெரிஞ்சவங்க?" என்று சிரித்தபடி கதிரையில் இருந்தாள். மகள் படத்தைப் போட்டுத் தந்துவிட்டு வேலைக்குப் போனாள். புதுப் படம். நான் சாமிப் படத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எனக்கு உயிர் வந்தது. அது நான் பார்த்த கதை. அண்ணன், தம்பி, விதவைத் தாய், தகப்பனைக் கொன்ற பண்ணையார். கலியாணம் முடித்த புதிதில் பட்டினத் தியேட்டரில் தமிழில் ஓடிய படம். மூன்று தரம் பார்த்தேன். கதைக்காக அல்ல. தியேட்டரில் மின்விசிறி இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. அதை இப்போது ஹிந்தியில் திருப்பி எடுத்திருக்கிறார்கள்.

திருப்பி எடுத்தவர்கள் எல்லாவற்றையும் ஊதிப் பெருப்பித்திருந்தார்கள். தமிழில் வேட்டியை மடித்துக் கட்டினால் போதும், ஆள் சண்டைக்குத் தயார் என்று விளங்கும். ஹிந்திக்காரன் சட்டையைக் கழற்றினான், அதுவும் ஒவ்வொரு பொத்தானாக. தமிழில் மூன்று பேர் கத்தியோடு வாழைத்தோட்டத்துக்குள் வந்தார்கள். இங்கே முப்பது ஜீப் வந்து, முப்பதும் ஆகாயத்தில் பறந்தன. தமிழ்த் தாய்க்கு ஒரே ஒரு சேலை. இந்தத் தாய் பட்டினி கிடந்தாள், ஆனால் பட்டுச்சேலையோடு கிடந்தாள்.

நான் கதையை அள்ளி வீசினேன். "இப்ப அண்ணன் கைவிலங்கோடை மறியலுக்குப் போவான்" என்றேன். போனான். "தாய் கோயில் மணியைப் பிடிச்சுக்கொண்டு சத்தியம் செய்வா" என்றேன். செய்தாள். கிண்ணியாப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க வாய் திறக்க முன்னமே சொல்றீங்களே அம்மா" என்றாள்.

"பழக்கம்" என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், மச்சாள் கோப்பைகளை எடுத்து வைக்க, நான் கையை உயர்த்தினேன்.

"தேத்தண்ணியை ஊத்தாதை. தம்பி சாகப்போறான். அண்ணனுக்கு வாற கத்தியை இவன் வாங்குவான்."

புதிதாக வந்தவளுக்குச் சட்டத்தை விளக்கினோம். அவளும் தட்டைக் கீழே வைத்தாள். முன்வீட்டு அக்கா செபமாலையை எடுத்தார். கத்தி வந்தது. தம்பி குறுக்கே பாய்ந்தான், விழுந்தான். மழை பெய்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைக்க, மற்றவர்களும் துடைத்தார்கள்.

தம்பி எழும்பினான். கத்தியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு ஐம்பது பேரோடு ஆடத் தொடங்கினான்.

"இது ஆவியோ?" என்று முன்வீட்டு அக்கா கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ. இனித்தான் சாவான்" என்றேன்.

பாட்டு முடிந்தது. சாகவில்லை. கட்டடத்தின் மேலிருந்து குதித்தான். சாகவில்லை. கேத்தல் ஆறிக்கொண்டிருந்தது. வட்டிலப்பத்தில் ஈ வந்து இருந்தது.

"மச்சாள், இவன் பெரிய நடிகரின்ரை மகனாம். சாகவிடமாட்டினம் போலை" என்றாள் மச்சாள்.

தம்பி வீட்டுக்குப் போய்த் தாய்க்கு முன்னால் நின்று கையை உயர்த்தி நீளமாக ஏதோ சொன்னான். முன்வீட்டு அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னவாம் சொல்றான்?"

அவன் சொன்னதில் 'அம்மா' மட்டும் எனக்குப் பிடிபட்டது. "தான் சாகப்போறன் எண்டு தாயிட்டைச் சொல்றான்" என்றேன்.

கிண்ணியாப் பிள்ளை வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். முன்வீட்டு அக்கா விடுகிற ஆளா. "ஓமோ பிள்ளை? அப்பிடியோ சொல்றான்?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேத்தலைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாளின் கை ரிமோட்டில் பட்டது. படம் கொஞ்சம் பின்னுக்குப் போய், எழுத்தோடு திரும்பி வந்தது. மச்சாள் கண்ணாடியைச் சரிபண்ணி, வழக்கத்தைவிட உரத்து வாசித்தாள். "அம்மா, பசிக்கிறது. நீங்கள் பிசைந்து தந்தால்தான் சாப்பிடுவேன்."

முன்வீட்டு அக்கா செபமாலையை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தார். கிண்ணியாப் பிள்ளை சிரிக்கவில்லை. "நீங்க ஏன் அக்கா இவ்வளவு சத்தமா வாசிக்கிறீங்க? மனசுக்குள்ள வாசிக்க ஏலாதா?" என்று மச்சாளிடம் கேட்டாள்.

"ஏலும்" என்றாள் மச்சாள். "மனசுக்கை வாசிச்சால் எனக்கு மட்டும்தானே விளங்கும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கல்யாணக் கார்ட், மருந்துப் போத்தல், மரண அறிவித்தல் எல்லாம் எனக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. எத்தனை வருடம் இவளைக் கத்துகிறாள் என்று ஏசியிருப்பேன்.

"படத்தை நிப்பாட்டு" என்றேன்.

நிறுத்தினாள். தம்பி கையை உயர்த்தியபடி, வாயைத் திறந்தபடி நின்றான். அவனுக்குக் கீழே எழுத்தும் நின்றது. நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டேன். நாலு பேருக்கு முன்னால், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். "நீங்-கள்... பிசைந்-து... தந்-தால்-தான்... சாப்-பிடு-வேன்."

பிறகு முன்வீட்டு அக்கா, "இப்பிடி வாசிச்சால் வில்லன் வாற சனிக்கிழமைதான் சாவான்" என்றார்.

"சாகட்டும், எனக்கென்ன அவசரம்?" என்றேன். "உங்களுக்கு அவசரமெண்டால் மச்சாள் வாசிக்கட்டும். என்ரை ஹிந்தி அஞ்சு சொல்லோடை முடிஞ்சுது."

மச்சாள் கேத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகப் பார்த்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"தேத்தண்ணியை நான் சுட வைக்கிறன். இவன் சாகமாட்டான். நீ இருந்து வாசி. குசினிக்குக் கேக்கிற மாதிரி வாசி."